எட்டு லட்சத்துக்கு முந்தைய இரும்பு

ஜிம் கார்பெட்டின் புலிகளைத் தி.ஜ.ர.வின் தமிழில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ‘.275 ரிக்பி’ என்பது ஏறத்தாழ ஒரு கதாபாத்திரத்தின் பெயர். 1907-இல் சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் அவருக்கு அளித்த பரிசு அது. அந்தச் செய்தியைச் சொல்லும் வெள்ளித் தகடு ஒன்று அதன் கட்டையில் பதிக்கப்பட்டிருக்கிறது. கார்பெட்டின் மறைவுக்குப் பின் நெடுங்காலம் அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் இருந்து, 2015-இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்தது.

‘செய்த’ என்று எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. அந்தத் துப்பாக்கியின் நடுவுடல் லண்டனில் பிறந்ததன்று. ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரை ஊரான ஓபர்ன்டார்ஃபில், மௌசர் ஆலையில் உருவானது. ரிக்பிகாரர்கள் அதை வாங்கி, குழல் பூட்டி, வால்நட் கட்டை இழைத்து, காட்சிக்குறிகள் பொருத்தி, தங்கள் பெயரைப் பொறித்தார்கள். கார்பெட்டின் வாசகரில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? அறிய வேண்டிய கட்டாயமும் இல்லைதான். ஆனால் தனக்கென ஒரு துப்பாக்கியைக் கட்டிக்கொள்ள நினைக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இந்த நடுவுடலைப் பற்றியது. அதை ஆங்கிலத்தில் ரிசீவர் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். தொலைபேசியை நினைத்துக்கொள்பவர்கள் பொறுத்தருள்க.

ரிசீவர் என்பது ஓர் எஃகுக் கூடு. அதன் முன்வாயில் மரை வெட்டியிருக்கும். குழல் அங்கே திருகி இறுக்கப்படுகிறது. அதன் உள்ளே போல்ட் எனப்படும் எஃகுத் தண்டு முன்னும் பின்னும் ஓடுகிறது. கீழிருந்து தோட்டா ஏறி வருகிறது. போல்ட் அதைத் தள்ளிக் குழலுக்குள் நிறுத்தியபின் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. போல்ட்டின் தலையிலுள்ள இரண்டு புடைப்புகள், லக் என்பார்கள், ரிசீவரின் உட்சுவரில் வெட்டிய இருக்கைகளில் போய்ச் சாய்கின்றன. வெடிக்கும் கணத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு அழுத்தம் எழுகிறது. சுடுபவரின் முகத்துக்கும் அதற்கும் இடையில் நிற்பவை அந்தப் புடைப்புகளும் அந்த இருக்கைகளும் மட்டுமே. முகம் அங்கிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கிறது.

குழல் தேய்ந்தால் மாற்றலாம். கட்டை பிளந்தால் வேறொன்று இழைக்கலாம். விசையை, காட்சிக்குறியை, போல்ட்டைக்கூட மாற்றலாம். ரிசீவரை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. இது தத்துவம் மட்டுமன்று, சட்டமும்தான். அமெரிக்கக் கூட்டாட்சியின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரிசீவரையே ‘துப்பாக்கி’ என்று வரையறுக்கிறது. வரிசை எண் அதன்மேல்தான் இருக்கிறது. மற்றவையெல்லாம் உதிரிப் பாகங்கள். ஒவ்வொரு பலகையாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் நூற்றாண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்விக்கு ஒரு நாடாளுமன்றம் இத்தனை சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் எழுத நேர்ந்தது ஒரு நண்பரால். நியூ ஹாம்ப்ஷயரில் வசிக்கும் அவர் சென்ற குளிர்காலத்தில் தம் தாத்தாவின் துப்பாக்கியைச் சமையலறை மேசைமேல் கிடத்திக் காட்டினார். ஸ்பிரிங்ஃபீல்டு 1903. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரன் தோளில் சுமந்தது. தாத்தா அதை 1930-களில் வாங்கி, இறக்கும்வரை மான் வேட்டைக்கு எடுத்துப் போனாராம். குழலின் உட்புறம் தேய்ந்து, துரு தின்றிருந்தது. கட்டையில் கன்னம் பதியும் இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்து மின்னியது. நண்பரின் திட்டம் இது: ரிசீவரை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் குழல், புது விசை, நல்ல வால்நட் கட்டை இட்டு, மகளின் பதினாறாம் பிறந்த நாளுக்குப் பரிசளிப்பது. “உடம்பு புதிது, உயிர் தாத்தாவுடையது” என்றார். அழகான எண்ணம். ரிசீவரின் முன்வளையத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்துப் பார்த்தேன். ஆறு இலக்கம், ஐந்தில் தொடங்கியது. “இதில் கட்டாதீர்கள்” என்றேன். அன்று இரவு உணவு கொஞ்சம் மௌனமாகவே முடிந்தது.

அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கல ஆலை அமெரிக்க அரசின் பழம்பெரும் துப்பாக்கிச் சாலை. கவிஞர் லாங்ஃபெலோ 1843-இல் தேனிலவுப் பயணத்தின்போது அதைப் பார்த்துவிட்டு, போருக்கு எதிராக ஒரு கவிதை எழுதினார். 1968-இல் ஆலை மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 1903 மாதிரியை அங்கேதான் வடித்தார்கள். மௌசரிடமிருந்து எடுத்துக்கொண்டவை ஏராளம் என்பதால் அமெரிக்க அரசு அந்நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் உரிமைத்தொகை தர நேர்ந்தது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. மௌசர் 98-இன் ரிசீவர் வளையத்துக்குள் தோட்டாவின் அடிப்பகுதியைச் சூழ்ந்து நிற்கும் ஓர் உட்காலர் உண்டு. உறை கிழிந்து வாயு பின்னோக்கிப் பாய்ந்தால் அதைப் பக்கவாட்டில் வெளியேற்ற வழியும் உண்டு. பால் மௌசர் எச்சரிக்கைக்குப் பேர்போனவர். அப்படிப்பட்டவரே தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதிக்கையில் ஒரு கண்ணை இழந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் உட்காலர் இல்லை. குழலின் பின்வாயைக் கூம்பாகக் குடைந்திருந்தார்கள். தோட்டா தங்குதடையின்றி ஏறும். ஆனால் உறையின் அடிப்பகுதி கொஞ்சம் ஆதரவின்றி வெளியே நிற்கும். நல்ல பித்தளையாக இருக்கும்வரை பழுதில்லை.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அவசரத்தில் செய்த தோட்டாக்கள் வந்தன. அவற்றில் சில உறைகளின் பித்தளை மென்மையாக இருந்தது. உறை கிழிந்தது, வாயு ரிசீவருக்குள் பாய்ந்தது. நல்ல எஃகாக இருந்தால் வீங்கியிருக்கும், வளைந்திருக்கும். இவை கண்ணாடிபோல் சிதறின. ஆராயத் தொடங்கியதும் காரணம் உலைக்களத்தில் அகப்பட்டது. அங்கே அடித்து வடிப்பதற்கான சூட்டையும் கடினப்படுத்துவதற்கான சூட்டையும் தீர்மானித்தது கருவியன்று, தொழிலாளியின் கண். பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்து ‘இது போதும்’ என்று எடுப்பார்கள். அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், ஆண்டுக்கணக்கில் தேர்ந்தவர்கள். வெப்பமானியை வைத்துச் சோதித்தபோது தெரியவந்தது இது: பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளில் அவர்கள் சரி என்று எடுத்த சூடு, மேகமூட்டமான நாளில் எடுத்ததைவிட 300 ஃபாரன்ஹீட் பாகைவரை கூடுதலாக இருந்திருக்கிறது. சுற்றிலும் வெளிச்சம் மிகுந்தால் தணலின் சிவப்பு மங்கித் தெரியும். இன்னும் காயவில்லை என்று தோன்றும். அப்படிக் காய்ந்த எஃகு உள்ளுக்குள் கருகிப்போகிறது. வெளியே எந்த அடையாளமும் இல்லை. அதே வழவழப்பு, அதே நிறம்.

1918-இன் தொடக்கத்தில் வெப்பமானிகள் வந்தன. மேல்தோல் கடினமாகவும் உட்சதை உறுதியாகவும் அமையும்படி இருமுறை சூடேற்றிப் பதப்படுத்தும் முறை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் எண் 8,00,000, இல்லினாயின் ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507. இவற்றுக்குக் கீழே உள்ளவை ‘தாழ்ந்த எண்’ ரிசீவர்கள். மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். பழையவற்றை மறுபடி சூடேற்றித் திருத்த முயன்றார்கள், கருகிய எஃகு திரும்பவில்லை. 1927-இல் ஆராய்ந்த குழு, எல்லாவற்றையும் விலக்கிவிடச் சொன்னது. அரசு செலவை எண்ணிப் பார்த்து ஒரு நடுவழி கண்டது: புதிதாக எவருக்கும் வழங்குவதில்லை, செப்பனிட வரும்போது ரிசீவரைக் கழித்துவிடுவது. படைக்கலத் துறையில் பணியாற்றி மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்ற ஜூலியன் ஹாட்சர் இந்த வரலாற்றை 1947-இல் தம் குறிப்பு நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார். துப்பாக்கியில் துளியும் ஆர்வமற்றவர்களும் அந்த அத்தியாயத்தை வாசிக்கலாம். தன் துறையின் தவறைத் தானே எழுதும் ஓர் அதிகாரியின் உரைநடை எப்படி இருக்கும் என்பதற்காகவாவது.

நண்பரின் மறுப்பு சாதாரணமானதன்று, அதை நேர்மையாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். பத்து லட்சத்தில் சிதறியவை மிகமிகச் சில. கடற்படைக் காலாட்படையினர் இவற்றைக் கழிக்காமல் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். தாத்தா ஐம்பது ஆண்டு சுட்டார். அவருக்கு இரண்டு கண்களும் இருந்தன. நூறாண்டு தாங்கிய இரும்பு நாளையும் தாங்காதா?

தாங்கலாம். பெரும்பாலும் தாங்கும். என் வாதம் அதுவன்று. கோளாறு ஒரு வகைமையில் இருந்தால் அந்த வகைமையைச் சோதித்துத் தெளியலாம். இங்கே கோளாறு ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாக இருக்கிறது அல்லது இல்லை. அந்தத் துண்டு உலையிலிருந்து வெளிவந்த காலைப்பொழுதில் வானம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது அது. சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்தான், உடைந்தால் கெட்டது. உடைக்காமல் அறிய வழியில்லை. தாத்தாவின் ஐம்பது ஆண்டுகள் சொல்வதும், அவருக்கு ஒரு கெட்ட தோட்டாகூட வாய்க்கவில்லை என்பதைத்தான். ரிசீவர் நல்லது என்பதையன்று. கிழிந்த உறை ஒன்று வரும்வரை நல்ல ரிசீவரும் கருகிய ரிசீவரும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். தவிர, தாத்தா தம் கண்ணைப் பணயம் வைத்தார். இந்தத் துப்பாக்கியில் கன்னம் பதிக்கப்போவது நண்பர் அல்லர்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. அதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். துப்பாக்கி கட்டுபவர்கள் பெரிதும் போற்றும் ரிசீவர்களில் ஒன்று அர்ஜென்டினா தன் படைக்காக பெர்லினின் டி.டபிள்யூ.எம். நிறுவனத்தில் செய்வித்த 1909 மௌசர். நெற்றியில் நாட்டுச் சின்னம், தோட்டா அறையின் அடியில் கீல் வைத்த மூடி, அரத்தின் தடமே தெரியாத மெருகு. ஆனால் அவற்றுள் சில வேண்டியதைவிட மென்மையானவை. வலிமையான தோட்டாவுக்குக் குழல் பூட்டிச் சுட்டால், லக்குகள் தம் இருக்கையைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு அமுக்கிவிடும். போல்ட்டைத் தூக்கும்போது இறுக்கம் தட்டும்; அளவுகோல் கூடுதல் காட்டும். தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் அதைக் கண்டு, ரிசீவரை மீண்டும் கடினப்படுத்த அனுப்புவார். மென்மையான இரும்பு முறையிடும், அவகாசம் தரும். கருகிய இரும்பு இரண்டையும் செய்யாது.

இனி, பொருத்துவதைப் பற்றி. ரிசீவரைத் தேர்ந்தபின் கம்மியர் அதை லேத்தில் ஏற்றுகிறார். 1962-இல் வந்த ரெமிங்டன் 700 இன்று அமெரிக்காவில் மிகுதியாக இப்படி ஏறும் ரிசீவர்களில் ஒன்று. உருண்டையான உடல் என்பதால் வேலை எளிது. போல்ட் ஓடும் துளையின் நடு அச்சுதான் அங்கே வடமுனை. எல்லாம் அதைக் கொண்டே அளக்கப்படுகிறது. முன்முகம் அந்த அச்சுக்குச் செங்குத்தாக இருக்கிறதா, மரை அதே அச்சில் சுற்றுகிறதா, இரண்டு லக்குகளும் சமமாகச் சாய்கின்றனவா? ஆலையிலிருந்து வரும் ரிசீவர்களில் பல ஒரு லக்கில் மட்டும் சாய்ந்து மற்றொன்றைக் காற்றில் விட்டிருக்கும். நொண்டி நாற்காலிபோல, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடுங்காது. கம்மியர் லக்கில் மை பூசி, போல்ட்டை மூடித் திறந்து, மை அழிந்த இடத்தைப் பார்க்கிறார். பொடியிட்டுத் தேய்க்கிறார். மறுபடியும் மை. முன்முகத்தை மயிரிழை சீவுகிறார். பிறகு குழலைத் திருகி, ‘கோ’, ‘நோ-கோ’ எனும் இரண்டு எஃகுப் போலித் தோட்டாக்களை மாறிமாறி இடுகிறார். முதலாவதன்மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன்மேல் மூடக்கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு.

பார்க்கச் சலிக்காத வேலை இது. நான் ஒரு மதியம் முழுவதும் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அளவுகோல்கள் எல்லாம் வடிவத்தை மட்டுமே அளக்கின்றன. எஃகின் உள்ளிருப்பை அவை அறியா. கருகிய ரிசீவர் ஒன்றை உலகின் தலைசிறந்த கம்மியர் ஏற்றினாலும் எல்லா அளவும் சரியாகவே வரும். பொருத்துதலின் பெருமை தேர்வின் பிழையை ஈடுகட்டாது. தனிப்படத் துப்பாக்கி கட்டுவதைப் பற்றி எழுதுபவர்கள் பத்துப் பக்கத்தைப் பொருத்துதலுக்குத் தந்துவிட்டு, தேர்வுக்கு ஒரு பத்தியும் நான்கு பெயர்களும் போதும் என்று நினைப்பது என் புகார். அந்தப் பெயர்களும் மரபின் பெயர்கள்: ஓபர்ன்டார்ஃப், 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் 70, பழைய ஸ்பிரிங்ஃபீல்டு. குலம் பார்த்துப் பெண்ணெடுக்கும் வழக்கம் இரும்பிலும் இருக்கிறது.

நம் இலக்கிய வட்டத்தில் இதைப் பேசக் காரணம் உண்டு. ‘கைப்பக்குவம்’, ‘பதம்’ ஆகிய சொற்களின்மேல் நமக்கு ஒரு மயக்கம். கருவி வந்தது, கலை போயிற்று என்று எழுதுவது எளிது, நானும் எழுதியிருக்கிறேன். ஸ்பிரிங்ஃபீல்டு கதையை வைத்துக்கொண்டு அதற்கு நேரெதிராக, கண் பொய், வெப்பமானியே மெய் என்று எழுதிவிடுவதும் எளிது. இரண்டும் எனக்கு உவப்பில்லை. நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் நிறம் பார்த்துத்தான். அவர் கூரைக்கடியில், அரையிருட்டில் உட்கார்ந்திருப்பார். வெயில் அவர் கண்ணைக் குழப்புவதில்லை. அதைவிட முக்கியமானது, அரிவாளின் வாய் மடிந்தால் அறுப்பு முடிவதற்குள் அதே அரிவாள் அவர் முன்னால் வந்து விழும், வசவோடு. அடுத்த முறை சூடு கொஞ்சம் மாறும். அவர் கண்ணைத் திருத்திக்கொண்டே இருப்பது அந்த வசவுதான். ஸ்பிரிங்ஃபீல்டின் தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை. அவர் வடித்தது லட்சக்கணக்கில் ஒன்றாகக் கலந்து, கிட்டங்கியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, எங்கோ ஒரு பயிற்சித் திடலில் சிதறியபோது, அது எந்த நாளில், எவர் கையால் சூடேறியது என்று கேட்க வழியே இல்லை. ஐந்து லட்சமாவது ரிசீவரைச் செய்தபோதும் அவருடைய கண் முதலாவதைச் செய்த கண்ணாகவே இருந்தது. பிழை திரும்பி வராத இடத்தில் அனுபவம் வெறும் பழக்கமாகவே நின்றுவிடுகிறது.

நண்பர் மூன்று வாரம் கழித்து அழைத்தார். ஹாட்சரின் நூலை நூலகத்திலிருந்து எடுத்து வாசித்திருந்தார். கோபம் ஆறியிருந்தது, வருத்தம் ஆறவில்லை. அதே மாதிரியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணுள்ள ரிசீவர் ஒன்றை உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கியிருக்கிறார். திட்டம் தலைகீழாகிவிட்டது. புதிதாக இழைக்க நினைத்த கட்டையை விட்டுவிட்டார். தாத்தாவின் கட்டையே இருக்கப்போகிறது, கன்னம் பட்டுக் கறுத்த இடத்தோடு. சட்டப்படி அது தாத்தாவின் துப்பாக்கி அன்று. வாங்கும்போது நிரப்பிய படிவத்தில் வேறோர் எண் இருக்கிறது. பழைய ரிசீவர் எண்ணெய்த் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார். மாட்டுங்கள், குழல் பூட்டாமல் மாட்டுங்கள் என்றேன்.

சென்ற வாரம் கம்மியரின் பட்டறையிலிருந்து அவருக்குச் செய்தி வந்ததாம். ‘கோ’வில் போல்ட் மூடுகிறது, ‘நோ-கோ’வில் மூடவில்லை. பழைய கட்டை மட்டும் புது ரிசீவரின் பின்வாலில் ஒரு காகித அளவுக்கு உட்கார மறுக்கிறதாம். மரம் நூறாண்டில் எவ்வளவோ வற்றியிருக்கும். அங்கே அரம் பிடிக்கலாமா என்று கம்மியர் அனுமதி கேட்டிருக்கிறார்.